தெலோம் நதி புகட்டும் தர்மம்

மலேசியாவின் பகாங் மாநிலத்து மலைநாட்டில், 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த பீடபூமியிலே, 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது முதலாகக் காடு திருத்திக் கொழுந்து கிள்ளிய கரங்களுள் தமிழ்த் தொழிலாளரின் கரங்கள் முதன்மையானவை. கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலித் தோட்டமும் அவ்வுழைப்புக்குச் சாட்சியாகும்.

அவ்வூர்ப்புறத்து மலைகளில் ஊறிப் பெருகும் தெலோம் நதியின் நீரைச் சுரங்க வழியே பெர்த்தாம் நதிக்குத் திருப்பி, ரிங்லெட்டில் 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணையை எழுப்பி மின்சாரம் விளைவித்தது பொறியியல் சாஸ்திரத்தின் மகத்தான சாதனையே. ஆயினும், காய்கறி லாபத்தை நாடி மனிதர் மலைச்சரிவுகளைச் செதுக்கியபோது, ஒவ்வொரு மழையும் வெற்று மண்ணைக் கரைத்து ஓடையில் இறக்க, ஓடை அதனை அணைக்குக் கொணர, நீர் தங்க வேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சிதைந்தன, உயிர்களும் மாய்ந்தன.

இத்தகைய துயரத்தைத் தடுக்கப் பொறியியல் திறன் மட்டும் போதாது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009-இல் முழு உறுப்பு நாடாகிய மலேசியா, பொறியியல் பட்டதாரிக்குத் தொழில் தர்மமும் இன்றியமையாதது என்னும் கொள்கையை ஏற்றது. அத்தர்மத்தைத் தனிப் பாடமாக ஒரு பருவத்தில் ஒதுக்கி முடிப்பது போதாது. மதகைக் கணக்கிடும் மாணவன் கீழ்க்கரை வீடுகளையும், லாபத்தைக் கணக்கிடும் வணிக மாணவன் சரிவின் மண்ணையும், பூச்சிமருந்தை ஆராயும் ரசாயன மாணவன் அதைத் தெளிப்பவரின் சுவாசத்தையும் அதே கணக்கில் சேர்த்தெழுதப் பழக்குவதே சர்வகலாசாலைகளின் கடமை.