மெய்நிகர் உலகைப் பராமரிப்பது யார்? ஓப்பன்சிம் சர்வரின் நிரல் சீரமைப்பு வரலாறு (2007–2024)

2022 பிப்ரவரி 6 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மணம் முடித்த இணையர் தங்கள் வரவேற்பை மெய்நிகர் உலகில் நடத்தினர். ஹாரி பாட்டர் கதையின் மந்திரப் பள்ளியை ஒத்த கூடத்துக்கு விருந்தினர்கள் அவதார்களாக வந்தனர். காலமாகிவிட்ட மணமகளின் தந்தையும் அங்கே அவதாராக இருந்தார். செய்தித்தாள்கள் புதுமையை வியந்து எழுதின. ஒரு குடும்பம் தன் தந்தையின் உருவத்தை நம்பி வைக்கும் இடம் இருபது ஆண்டுகள் நிலைக்க என்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பதினேழு ஆண்டு மாற்றங்களைப் பொதுவெளியில் வைத்திருக்கும் ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம்) என்ற திறமூல சர்வர் அதற்குச் சான்று தருகிறது.

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகை 2003இல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம், அந்த உலகைப் பயனரின் திரையில் காட்டும் வியூவர் மென்பொருளின் மூலநிரலை மட்டும் 2007 ஜனவரியில் வெளியிட்டது. சர்வரின் நிரல் நிறுவனத்திடமே இருந்தது. அதே மாதத்தில் டேரன் கார்டு, அந்த வியூவரோடு பேசக்கூடிய சர்வரை சி ஷார்ப் மொழியில் எழுதத் தொடங்கினார்; அதுவே ஓப்பன்சிம். பிஎஸ்டி உரிமத்தில் வந்ததால் ஐபிஎம், இன்டெல் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் அதற்குப் பங்களித்தனர்.

வேகமாக வளர்ந்த நிரலில் சிக்கலும் வளர்ந்தது. பயனர், கிரிட், சொத்து, உடைமை, செய்தி என ஐந்து சேவைகள் தனித்தனி சர்வர்களாக ஓடின. 2008இல் பேராசிரியர் கிறிஸ்டினா லோப்பஸ் உருவாக்கிய ஹைப்பர்கிரிட், ஓர் அமைப்பின் அவதார் வேறோர் அமைப்புக்குப் பயணம் போக வழி செய்தது. வெளியாள் வீட்டுக்குள் வரும்போது எந்தச் சேவை எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தெளிவு பழைய கட்டமைப்பில் போதவில்லை.

2010இல் வந்த 0.7 பதிப்பு ஐந்தையும் ரோபஸ்ட் என்ற ஒரே உறைக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு சேவையும் தனி மாட்யூல் ஆனது. அதை அதே கணினியில் ஓட்டுவதா, தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டுவதா என்பதை நிரலைத் தொடாமல் அமைப்புக் கோப்பிலேயே தீர்மானிக்கலாம். இந்த வரலாற்றின் மையத் திருப்பம் இதுவே என்பது என் முடிவு. உலகுக்குள் உலவுபவருக்கு இதனால் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஆனால் பின்னால் வந்த பெரிய மாற்றங்களை முழு வீட்டையும் இடிக்காமல் செய்ய முடிந்தது இதற்குப் பிறகுதான்.

அந்த மாற்றங்களில், இன்டெல்லின் ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய புல்லட்சிம் என்ற இயற்பியல் இயந்திரம் சேர்ந்தது. ஸ்கிரிப்ட் இயந்திரமும் மாறியது. வணிக உலகமாக நடந்த அவினேஷன் கொடையளித்த நிரல் 0.9 வரிசையில் கலந்தது. 2024இல் 0.9.3 பழைய மோனோ இயக்கச்சூழலை விட்டு டாட்நெட் 8க்கு இடம்பெயர்ந்தது. ஒரு நிலப்பகுதியை முழுதாகக் கோப்பில் சேமித்து இன்னொரு சர்வரில் ஏற்றும் ஓஏஆர் வடிவமும் இங்கே முக்கியம். ஒரு நிறுவனம் மூடினாலும், அந்தக் கோப்பு கையிலிருந்தால் உலகத்தைக் காப்பாற்றலாம்.

இத்தகைய பராமரிப்பு உழைப்பின் மதிப்பை, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழில் நகரான ஓசூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் 1980 வாக்கில் இங்கே உற்பத்தி தொடங்கிய நாள் முதல், மெயின்டனன்ஸ் பிரிவு இல்லாமல் எந்த லைனும் ஓடியதில்லை. பேரிங் மாற்றுபவர் வண்டி எதையும் செய்வதில்லை. அவர் வராவிட்டால் வண்டி வெளியே வராது. நிரல் துறையில் மட்டும் இந்த வேலை இன்னும் இரண்டாம் தரமாகவே பார்க்கப்படுகிறது.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி உள்ளிட்ட இவ்வட்டாரக் கல்லூரிகள், இறுதியாண்டு புராஜெக்டாகப் புதுச் செயலியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நடப்பிலுள்ள ஒரு திறமூல நிரலை வாசித்து, ஒரு பழுதை நீக்கி, அதன் பராமரிப்பாளர்கள் ஏற்கும்படி ஒரு திருத்தத்தை அனுப்பிய மாணவருக்கும் அதே மதிப்பெண்ணை வழங்க வேண்டும்.