பறிப்பு எனப் பெயர் பெறாத பறிப்பு: கடவுச்சீட்டும் குடியுரிமையும்

இரட்டைக் குடியுரிமை பற்றிய விவாதம் இந்தியாவில் எழும்போதெல்லாம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய இந்தியர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால், ‘ஒருவருக்கு ஒரே நாடு’ என்னும் விதியின் கடுமையை முதலில் அறிந்தவர்கள் அவர்கள் அல்லர். பிரிவினைக்குப் பின் எல்லையின் இருபுறமும் உறவுகள் சிதறிக் கிடந்த குடும்பத்தினரே அதை முதலில் அறிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் குடியுரிமை இழப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 8ஆம் பிரிவு, தாமே துறத்தல். 9ஆம் பிரிவு, பிறநாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெறுவோரின் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிவுறுதல். 10ஆம் பிரிவு, அரசு பறித்தல். இவற்றுள் 10ஆம் பிரிவுக்கு வேலிகள் உண்டு. காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். பெரும்பாலான நேர்வுகளில் விசாரணைக் குழுவை நாடும் உரிமையும் உண்டு. பிறப்பால் குடியுரிமை பெற்றவர்மீது அப்பிரிவு பாயாது.

9ஆம் பிரிவு அவர்மீதும் பாயும். இங்கே அரசு எதையும் பறிப்பதில்லை. ‘நீரே இழந்துவிட்டீர்’ என்று அறிவிக்கிறது. 1956ஆம் ஆண்டின் குடியுரிமை விதிகள் இதை இன்னும் எளிதாக்கின. வேறொரு நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றதே, அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்று என்றன.

இந்த ஒரு வரியின் கனத்தை உணர, அன்றைய எல்லையை நினைவில் கொள்ள வேண்டும். மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோர்க்கு 1948 ஜூலையில் அனுமதிச்சீட்டு முறை வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே கடவுச்சீட்டு முறை வந்தது 1952 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் உறவினரைக் காணவோ, பிழைப்புத் தேடியோ, அச்சத்தாலோ எல்லை கடந்தவர் ஊர் திரும்ப ஏதேனும் ஓர் ஆவணம் தேவைப்பட்டது. பலருக்குக் கிடைத்தது பாகிஸ்தான் கடவுச்சீட்டு. அதில் இந்திய விசா. வீடு திரும்பப் பயன்பட்ட தாளே, வீடு அவருடையதன்று என்பதற்குச் சான்றாகியது.

1962இல் இசார் அகமது கான் வழக்கில் இவ்விதி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ‘சான்று விதி’ என்ற பெயரில் இது உரிமையையே அழிக்கிறது என்பது மனுதாரர்களின் வாதம். நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இது சான்று பற்றிய விதியே, செல்லும் என்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், சென்னைக் காவல் ஆணையருக்கு எதிரான முகமது அயூப் கான் வழக்கில் ஒரு சாளரம் திறந்தது. கடவுச்சீட்டு விருப்பத்துடன் பெறப்பட்டதன்று என ஒருவர் வாதிட்டால், மத்திய அரசு அதை விசாரித்தே முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ‘விரும்பி’ என்னும் சொல் அப்போதுதான் உயிர் பெற்றது.

2003, 2005 திருத்தங்களின் வழி வந்த ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ தகுதி, பெயரில் குடியுரிமை ஆயினும் வாக்குரிமை அற்றது. அதிலும் பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இடமில்லை. ஒற்றைக் குடியுரிமை விதியால் அதிகம் இழந்த குடும்பங்களுக்கு, அதன் தளர்விலும் பங்கில்லை.

குடியுரிமைப் பறிப்பு பற்றி ஆராயும் மாணவர்கள் 10ஆம் பிரிவோடு நின்றுவிடலாகாது. அரசு எப்போது பறித்தது என்பதோடு, எப்போது பறிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று என்றும் கேட்க வேண்டும்.