ஓடும் பொறியைத் திருத்துதல்



திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆழத்தையும் அமைதியையும் புகழ்வர். அத்துறைமுகம் கற்பித்த பாடமொன்றை இன்று நினைவுகூர விழைகின்றேன். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பிரித்தானியப் போர்க்கப்பலாகிய 'வேலியன்ட்', பழுதுபார்த்தற்பொருட்டு அங்கே மிதக்கும் தளமொன்றினுள் ஏற்றப்பட்டது. அத்தகைய தளத்தின் நீர்த்தொட்டிகளை முறையான வரிசையில் வெறுமையாக்கினால்தான் கப்பல் சமநிலையில் எழும். அம்முறை பிழைத்தது, தளம் முறிந்து மூழ்கியது, கப்பலும் பெருஞ்சேதமுற்றது. பழுதை நீக்கப் புகுந்த செயலே புதுப்பழுதை விளைத்தது.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனவர் யார், எம்முகாமில் எவர் உளர், எங்கே எப்பொருள் தேவை என்னும் வினாக்களுக்கு விடை காண, இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம் என்பதாகும். விவரங்களையெல்லாம் தரவுத்தளமொன்றில் சேமித்துத் தேடித் தருவது அதன் பணி. கரையிலே கட்டிமுடித்துக் கடலில் விட்ட கலமன்று அது. கடலில் ஓடும்போதே பலகை சேர்க்கப்பட்ட கலம்.

இத்தகைய கலத்தைத் திருத்துவது எளிதன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஒருவர் பெயர் இருமுறை பதிவாகியுள்ளது என்று கொள்வோம். மிகையான பதிவை நீக்க நிரலாளர் கட்டளை எழுதுகின்றார். 'இன்ன எண்ணுடைய பதிவை மட்டும்' என்னும் நிபந்தனையை மறந்தால், அட்டவணை முழுவதுமே அழிந்துபோம். வணிகன் கணக்கில் அது பணநட்டம். இங்கோ, மகனைத் தேடும் தாயின் கடைசி நம்பிக்கை.

நிரலை எழுதவும் மாற்றவும் உதவும் கருவியை நிரல் திருத்தி என்பர். 1976இல் பில் ஜாய் என்பார் அமெரிக்காவில் ஆக்கிய 'வீஐ' என்னும் திருத்தி, மெதுவான தொலைபேசி இணைப்பின் வழியாகவும் சேய்மையிலுள்ள கணினியில் வேலை செய்ய இடந்தந்தது. அவ்வசதியே இடராகவும் ஆயிற்று. கை எட்டுகின்றது என்பதற்காக, ஓடும் பொறியிலேயே கைவைக்கும் ஆசை எழுந்தது.

அவ்வாசையை அடக்கவே நல்ல நிரலாளர் சில வழக்கங்களைக் கைக்கொண்டனர். முதலில் தரவுகளுக்குப் படியெடுத்து வைப்பர். பிழையை அப்படியிலே மீண்டும் தோன்றச் செய்து காரணம் காண்பர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அதனை யார், ஏன் செய்தார் எனப் பதிவு செய்வர். இன்னொருவர் கண்ணால் பார்த்த பின்னரே ஓடும் பொறிக்கு அனுப்புவர்.

சஹானா 2005இல் அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும் பிறர்க்குப் பயன்பட்டது. பழுதுபார்ப்பவனுக்குக் கைத்திறம் வேண்டும். அதனினும் மேலாக, வரிசை பிழையாத பொறுமை வேண்டும். திருகோணமலைக் கடலடியில் மூழ்கிய தளம் நமக்குச் சொல்வதும் அதுவே.