‘சூப்பர்மேன்’ (1978): ஒரு திரைப்படமும் இரண்டு பெயர்களும்

1978 டிசம்பரில் வெளியான ‘சூப்பர்மேன்’, இன்று ஆண்டுதோறும் திரைக்கு வரும் சூப்பர் ஹீரோ படங்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதன் வரலாற்றைச் சொல்வோர் பறக்கும் காட்சிகளைப் பற்றியும் மார்லன் பிராண்டோ பெற்ற ஊதியத்தைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அப்படத்தின் தொடக்கப் பெயர்வரிசையில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு வரி உண்டு. சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் என்பதே அவ்வரி. அந்தத் திரைப்படம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அவ்வரி அப்போது மீண்டிருக்குமா என்பது ஐயமே.

சீகல், ஷஸ்டர் இருவரும் 1914இல் பிறந்தவர்கள். புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நண்பர்களாயினர். சீகல் கதை எழுத, ஷஸ்டர் படம் வரைந்தார். பல ஆண்டுகள் பதிப்பாளர்களால் மறுக்கப்பட்ட சூப்பர்மேன் கதை, 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வெளியானது. பதின்மூன்று பக்கக் கதைக்கும் கதாபாத்திரத்தின் உரிமை முழுமைக்குமாக அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். வேறு பணிகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே காசோலையாக அது வழங்கப்பட்டது. அக்காசோலையில் இருவர் பெயர்களும் எழுத்துப் பிழையோடு இருந்தன.

கதாபாத்திரம் வானொலி, கார்ட்டூன், தொடர்படம் எனப் பரவிப் பெரும் வணிகமாயிற்று. உரிமையை மீட்க 1947இல் இருவரும் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலர் பெற்றுக்கொண்டு சமரசத்துக்கு உடன்பட வேண்டியதாயிற்று. அதன்பின் சித்திரக்கதைகளிலிருந்து அவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. பதிப்புரிமைப் புதுப்பிப்பை முன்வைத்து 1969இல் தொடுத்த வழக்கும் 1974இல் மேல்முறையீட்டில் தோற்றது. செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு: செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் நிறைவு பெற்றுவிடும். ‘உருவாக்கப்பட்டது’ என்றால் போதும். யாரால் என்ற கேள்வி எழாது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் சூப்பர்மேன் அத்தகைய வாக்கியமாகவே உலவினான்.

அதே 1974இல் அலெக்சாண்டர் சால்கிண்ட், அவர் மகன் இலியா சால்கிண்ட், பியர் ஸ்பெங்க்ளர் ஆகியோர் சூப்பர்மேன் திரைப்பட உரிமையைப் பெற்றனர். சித்திரக்கதை நிறுவனம் அப்போது வார்னர் குழுமத்தின் வசம் இருந்தது. சிறுவர்க்கான பண்டமெனக் கருதப்பட்ட ஒன்றைப் பெரும் பொருட்செலவில் படமாக்க அக்குழுமமே தயங்கிய காலம் அது. சால்கிண்டுகள் ‘காட்பாதர்’ நாவலாசிரியர் மாரியோ பூசோவைக் கொண்டு திரைக்கதை எழுதுவித்து, படத்தின் பிரம்மாண்டத்தைப் பெரிதாக விளம்பரப்படுத்தினர்.

அச்செய்தி சீகலை எட்டியபோது அவர் கலிபோர்னியாவில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். ஷஸ்டரோ பார்வை பெரிதும் மங்கிய நிலையில் நியூயார்க்கில் சகோதரரின் ஆதரவில் வாழ்ந்துவந்தார். 1975இல் சீகல் பத்துப் பக்க அறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்து செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பினார். தம்மிருவர்க்கும் இழைக்கப்பட்டதை விவரித்த அவ்வறிக்கை, வரவிருக்கும் படத்தின்மீது சாபமிட்டது. வழக்குமன்றங்கள் கைவிட்டபின் எஞ்சியிருந்த ஒரே கருவி சொல்தான். அதை அவர் கையிலெடுத்தார்.

ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெரி ராபின்சனும் அவர்களுக்குத் துணைநின்று செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வழக்கைப் பேசினர். சட்டப்படி வார்னர் எதையும் தரக் கடமைப்பட்டிருக்கவில்லை. ஆயினும், குடும்பம் குடும்பமாகப் பார்க்க வேண்டிய ஒரு படத்தின் நாயகனைப் படைத்தவர்கள் வறுமையில் வாடுகின்றனர் என்ற செய்தி அந்நிறுவனத்துக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. 1975 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. இருவர்க்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும் மருத்துவச் செலவுக்கான வகையும் உறுதியாயின. சித்திரக்கதைகளிலும் திரையிலும் படைப்பாளர் பெயர்கள் மீண்டும் இடம்பெறும் என்பது அதன் முக்கியமான கூறு.

படத்தின் பயணமும் நேர்வழியில் அமையவில்லை. ‘கோல்ட்பிங்கர்’ இயக்குநர் கை ஹாமில்டன் தலைமையில் ரோம் நகரில் பணி தொடங்கியது. பிராண்டோவோ ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ தொடர்பான ஆபாச வழக்கின் காரணமாக இத்தாலியில் நடிக்க இயலாத நிலையில் இருந்தார். படப்பிடிப்பு இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது. வரிவிதிப்பைத் தவிர்க்க இங்கிலாந்துக்கு வெளியே வாழ்ந்த ஹாமில்டன் அங்கே சில வாரங்களுக்கு மேல் தங்க முடியாமையால் விலகினார். ‘தி ஓமன்’ படத்தால் புகழ்பெற்றிருந்த ரிச்சர்ட் டோனர் அவ்விடத்துக்கு வந்தார்.

டோனர் கையில் கிடைத்தது இரண்டு படங்களுக்கான, 500 பக்கங்களைத் தாண்டிய திரைக்கதை. பூசோவுக்குப் பின் டேவிட் நியூமன், லெஸ்லி நியூமன், ராபர்ட் பெண்டன் ஆகியோர் அதைத் திருத்தியிருந்தனர். அதில் மலிந்திருந்த கேலித் தொனி டோனருக்கு ஒவ்வவில்லை. நண்பர் டாம் மேன்கிவிச்சைக் கொண்டு அதைத் திருத்தி எழுதச் செய்தார். ‘வெரிசிமிலிட்யூட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் படக்குழுவின் தாரகமந்திரமாக்கினார். மெய்யென நம்பத்தக்க தன்மை என அதற்குப் பொருள் கூறலாம். பறக்கும் மனிதனைப் பார்த்து ரசிகர் சிரிக்கலாம். படம் அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை.

1977 மார்ச்சில் ஷெப்பர்ட்டன், பைன்வுட் படப்பிடிப்புத் தளங்களில் பணி தொடங்கியது. பறக்கும் காட்சியே பெருஞ்சிக்கல். 1948ஆம் ஆண்டின் தொடர்படத்தில் நாயகன் பறக்கும் தருணங்கள் கார்ட்டூனாக வரையப்பட்டிருந்தன. டோனரின் குழு பொம்மையைப் பீரங்கியிலிருந்து ஏவியது. தொலைவிலிருந்து இயக்கும் மாதிரி விமானத்துக்கு நாயகனின் வடிவம் தந்தது. எதுவும் நம்பும்படி அமையவில்லை. இறுதியில் சோரன் பெரிசிச் வகுத்த முறை கைகொடுத்தது. நடிகருக்குப் பின்னுள்ள திரையில் வானக் காட்சி முன்னிருந்து வீசப்படும். காட்சியை வீசும் கருவியிலும் படம்பிடிக்கும் கேமராவிலும் உள்ள ஜூம் லென்ஸ்கள் ஒத்திசைந்து இயங்கும். பின்னணியின் அளவு மாறாதிருக்க, நடிகர் மட்டும் அருகில் வருவதாகவோ விலகிச் செல்வதாகவோ தோன்றும். கம்பிகள், சிற்றுருவங்கள், வேறு பல உத்திகளும் இதனோடு இணைந்தன.

இவ்வளவு உத்திகளும் ஒரு நடிகரின் உடலை நம்பியே நின்றன. நாடக மேடையிலிருந்து வந்த, அதிகம் அறியப்படாத கிறிஸ்டபர் ரீவ் மெலிந்த உடலினர். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் உடைக்குள் நடித்த டேவிட் பிரவுஸ் அவருக்கு உடற்பயிற்சி அளித்தார். ரீவின் பெருஞ்சாதனை கிளார்க் கென்ட் பாத்திரத்தில் உள்ளது. முதுகைக் கூனி, குரலை உயர்த்தி, தடுமாறும் பேச்சைக் கைக்கொண்டு அவர் நடித்தமையால், ஒரு மூக்குக்கண்ணாடி ஆளை மறைத்துவிடும் என்ற சித்திரக்கதை மரபு முதன்முறையாக நம்பத்தக்கதாயிற்று. ஆயினும் பெயர்வரிசையில் பிராண்டோ, ஜீன் ஹாக்மன் ஆகியோருக்குப் பின்னரே ரீவின் பெயர் வந்தது.

செலவு ஏறத்தாழ 5.5 கோடி டாலரைத் தொட்டது. சில நாள் நடிப்புக்குப் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வருவாயில் பங்கும் பேசப்பட்டிருந்தன. டோனருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போக, இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் இடையாளராக அமர்த்தப்பட்டார். உடனெடுக்கப்பட்ட இரண்டாம் படத்தின் பெரும்பகுதி முடிந்த நிலையில் அதை நிறுத்திவிட்டு முதற்படத்தை முடித்தனர். ஒளிப்பதிவாளர் ஜெப்ரி அன்ஸ்வொர்த் வெளியீட்டுக்கு முன்பே, 1978 அக்டோபரில் காலமானார். படம் அவருக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

படம் உலகெங்கும் ஏறத்தாழ 30 கோடி டாலர் ஈட்டியது. காட்சி உத்திகளுக்காகச் சிறப்பு ஆஸ்கர் பெற்றது. சீகலின் சாபம் பலிக்கவில்லை. பலிக்க வேண்டிய தேவை அதற்குள் நீங்கியிருந்தது. மாறாக டோனர் வெளியேற்றப்பட்டார். இரண்டாம் படத்தை லெஸ்டர் முடித்தார். இயக்குநர் என்ற இடத்தில் லெஸ்டரின் பெயரே பொறிக்கப்பட்டது. டோனரின் வடிவம் வெளிவர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பெயரை மீட்ட தொழிலே இன்னொருவர் பெயரை அழித்தது.

1975இன் உடன்பாட்டை முழு நீதி என்று கொள்வதற்கில்லை. உரிமை நிறுவனத்திடமே இருந்தது. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் மறைந்தனர். உரிமையை மீட்க அவர்தம் குடும்பத்தார் தொடுத்த வழக்குகள் அதன்பின்னும் பல ஆண்டுகள் நீண்டு, நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடிந்தன. படைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்வியைச் சட்டம் ஒருவாறு முடித்துவைத்தது. படைத்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் அதற்குப்பின் விடை மறைக்கப்படவில்லை. ஒவ்வொரு புதிய சூப்பர்மேன் படத்திலும் அவ்வரி வருகிறது. 1938இன் காசோலையில் பிழையாக எழுதப்பட்ட இரு பெயர்களும் அதில் பிழையின்றி எழுதப்பட்டுள்ளன.