தூக்கு மேடை வரை போன ஒரு வினைச்சொல்

இருக்கிறது, வைத்திருக்கிறேன், சாப்பிட்டேன்... ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்ற வினைச்சொல்லுக்குப் பள்ளியில் சொல்லித் தந்த அர்த்தங்கள் அநேகமாக இவ்வளவுதான். அதிகம் கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. 'லெட் ஹிம் ஹேவ் இட்' என்றால் நேரடியாக 'அதை அவரிடம் கொடுத்துவிடு'. பேச்சு வழக்கிலோ 'அடி, சுடு' என்றும் ஆகும். நம்மூர் 'குடுடா அவனுக்கு' மாதிரிதான். பேனாவைக் கொடுப்பதா, கன்னத்தில் ஒன்று கொடுப்பதா என்பது இடத்தைப் பொறுத்தது!

1952 நவம்பர் 2, ஞாயிறு இரவு. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில், திருடுவதற்காக ஒரு கிடங்கின் கூரையில் இரண்டு பேர் ஏறினார்கள். கிறிஸ்டோபர் கிரெய்குக்கு வயது 16, கையில் துப்பாக்கி. டெரெக் பென்ட்லிக்கு வயது 19, சரியாக எழுதப் படிக்கத் தெரியாது, மனவளர்ச்சியும் குறைவு. போலீஸ் வந்துவிட்டது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற துப்பறியும் காவலர் பென்ட்லியைப் பிடித்தார். அந்த நேரத்தில் பென்ட்லி, "லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்" என்று கத்தியதாகப் பிறகு போலீசார் சாட்சி சொன்னார்கள். கிரெய்க் சுட்டதில் ஃபேர்ஃபாக்ஸின் தோளில் காயம். சுமார் கால் மணி நேரம் கழித்து சிட்னி மைல்ஸ் என்ற காவலர் குண்டு பட்டு இறந்தார். அப்போது பென்ட்லி போலீஸ் பிடியில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'சுடு' என்று தூண்டியதாகவே அரசுத் தரப்பு அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. 'துப்பாக்கியைக் கொடுத்துவிடு' என்றும் இருக்கலாமே என்று பின்னாளில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றத்தில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. அப்படி யாரும் சொல்லவே இல்லை என்று பென்ட்லி, கிரெய்க் இருவருமே மறுத்தார்கள். சொல்லாத வார்த்தைக்கு எப்படி அர்த்தம் சொல்வது?

சுட்ட கிரெய்குக்கு 18 வயது ஆகாததால் தூக்கு இல்லை, 1963-ல் விடுதலையானார். சுடாத பென்ட்லிக்குக் கருணை காட்டும்படி ஜூரிகள் கேட்டுக்கொண்டும் பலனில்லை. 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

குடும்பம் விடவில்லை. பெற்றோரும், அவர்களுக்குப் பின் அக்கா ஐரிஸும் பல்லாண்டுகள் போராடினார்கள். 1993-ல் மன்னிப்பு கிடைத்தது, அதுவும் மரண தண்டனைக்கு மட்டும். குற்றவாளி என்ற பெயர் அப்படியே இருந்தது. 1998 ஜூலை 30 அன்றுதான், நீதிபதி கோடார்ட் ஜூரிகளுக்குச் சொன்ன தொகுப்புரை நியாயமாக இல்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. ஐரிஸ் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார்.