ஐந்து சின்ன லாரிகளின் போட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் லாரிக்குக் கமியோன் என்றும், சின்ன லாரிக்குக் கமியோனெத் என்றும் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்த காலத்தில் முதல் சொல்லுக்குரிய வண்டி புதுச்சேரித் தெருக்களில் நிறையவே இருந்தது. இரண்டாவது சொல்லுக்குரியது அரிது. பெரிய லாரியை விட்டால் மாட்டு வண்டி, கை வண்டி, பிறகு மூன்று சக்கர டெம்போ. அப்புறம் மட்டடோர் வேன் வந்தது. இரண்டு டன் சரக்கைச் சந்து பொந்தில் கொண்டுபோய் இறக்கும் டீசல் வண்டி என்று ஒன்று நம் பக்கத்தில் பரவலாகக் கண்ணில் பட்டது 1986-க்குப் பிறகுதான். அதுவும் ஒன்றாக வரவில்லை. ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகள் போட்டிக்கு இறங்கின. அந்தப் போட்டியின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நம் நாட்டில் லாரி என்றாலே இரண்டு பெயர்தான். ஒன்று டாடா. டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனாலும் நம் டிரைவர்கள் வெகுகாலம் அதை 'பென்ஸ் வண்டி' என்றுதான் சொன்னார்கள். இன்னொன்று நம் எண்ணூர் லேலண்ட். இரண்டுமே பெரிய வண்டிகள். ஒரு மளிகைக் கடைக்காரருக்கோ, மீன் வியாபாரிக்கோ அவை அளவுக்கு மிஞ்சியவை.

1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம் மனம் மாறியது. 1983 டிசம்பரில் சுசுகியின் கூட்டில் மாருதி கார் வந்ததை எல்லோரும் அறிவோம். அதே காலத்தில் சின்ன லாரி செய்ய நான்கு ஜப்பான் நிறுவனங்களுக்கும் கூட்டு அனுமதி கிடைத்தது. டெல்லி பக்கத்து சூரஜ்பூரில் டி.சி.எம். டொயோட்டா. பஞ்சாபில் ஸ்வராஜ் டிராக்டர் செய்தவர்களோடு மாஸ்டா சேர்ந்து ஸ்வராஜ் மாஸ்டா. ஐதராபாத்தில் ஃப்ரிட்ஜும் கைக்கடிகாரமும் செய்து பெயர் வாங்கிய ஆல்வின், நிசானுடன் கூட்டுச் சேர்ந்து ஜகீராபாத்தில் ஆல்வின் நிசான். இந்தூர் அருகே பீதம்பூரில், டிராக்டர் கம்பெனியான ஐஷருடன் மிட்சுபிஷி. அந்த வண்டியின் பெயர் கேன்டர்.

இந்த நால்வரும் சாதாரணப் போட்டியாளர்கள் அல்லர். ஜப்பானில் தெருக்கள் குறுகல், டீசல் விலை அதிகம். அங்கே பல ஆண்டுகள் பண்பட்ட வண்டிகள் இவை. டாடாவிடம் அந்த அளவுக்கு ஈடான வண்டி அப்போது இல்லை. சுமந்த் மூல்காவ்கர் தலைமையில் இருந்த டெல்கோ, 18 மாதத்துக்குள் ஒரு சின்ன லாரியை வடிவமைத்து 1986-இல் வெளியே கொண்டுவந்தது. அதுதான் 407. நம் ஊர் வழக்கில் 'ஃபோர் நாட் செவன்'.

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். ஓட்டுவதற்கு எது சுகம் என்று அந்தக் காலத்து டிரைவர் யாரைக் கேட்டாலும் ஜப்பான் வண்டியைத்தான் சொல்வார். சத்தம் குறைவு, ஸ்டீயரிங் லேசு, கியர் வழுக்கிக்கொண்டு விழும், காலை அழுத்தினால் வண்டி சட்டென்று பிடிக்கும். சென்னைக்கு ஒரு நடை போய் வந்து மாலையில் வீட்டில் இடுப்பு வலி இல்லாமல் உட்காரலாம் என்பார்கள். 407 அப்படியில்லை. இஞ்சின் இரைச்சல் பல்லைக் கிட்டவைக்கும். ஆக, ஓட்டத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் வந்தவர்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

ஆனால் நம் சாலையும் நம் பழக்கமும் வேறு. இரண்டு டன்னை ஒட்டிய எடைக்காகச் செய்த வண்டியில் நான்கு டன் ஏற்றுவதுதான் இங்கே வழக்கம். வில்லியனூரிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டு வருகிறவர் எடை மேடையைப் பார்த்தா ஏற்றுகிறார்? 407-ஐ வடிவமைத்தவர்கள் இந்த ஊரிலேயே பெரிய லாரி செய்து பழகியவர்கள். அதிகச் சுமை ஏறும் என்று தெரிந்தே சேஸிஸையும் ஸ்பிரிங் பட்டைகளையும் கனமாகச் செய்திருந்தார்கள். இரண்டாவது, ஜப்பான் வண்டிகளின் மூஞ்சி தட்டை. டிரைவர் இஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். 407-க்கு முன்னால் குட்டையாக ஒரு மூக்கு உண்டு. அதன் மூடியைத் தூக்கி, சாலையோரத்தில் நின்றபடியே சில்லறை வேலைகளைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், உதிரி பாகம். பிரெஞ்சில் இதை 'பியேஸ் தெத்தாஷே' என்பார்கள். கழற்றிய துண்டுகள் என்று பொருள். 407-இன் துண்டுகள் பெரும்பாலும் உள்நாட்டில் செய்தவை. டீசல் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் மைக்கோ கம்பெனி 1950-களிலிருந்து பம்பும் நாசிலும் செய்துவந்ததால், நம் ஊரில் மட்டுமல்ல, கடலூர், திண்டிவனம் என்று எங்கே போனாலும் மைக்கோ பலகை மாட்டிய ஒரு டீசல் பம்ப் பட்டறை இருந்தது. அங்கே இருந்தவர்கள் பெரிய டாடா லாரியின் பம்பைப் பிரித்துப் பிரித்துக் கை பழகியவர்கள். புது வண்டி வந்தபோது அவர்களுக்குப் புதுப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

ஜப்பான் வண்டிகளோ முதலில் பெட்டிப் பெட்டியாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டவை. சில ஆண்டுகளில் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறிவிட வேண்டும் என்பது அரசு நிபந்தனை. மாறுவதற்குள் ஒரு பெரிய இடி விழுந்தது. அது நம் சாலையிலும் விழவில்லை, தொழிற்சாலையிலும் விழவில்லை, நியூயார்க்கில் விழுந்தது. 1985 செப்டம்பரில் அங்கே பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதி அமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பைக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த ஐவரில் பிரான்சும் ஒன்று, ஜப்பானும் ஒன்று. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் சுமார் 120 யென். நம் ரூபாயோ டாலரோடு பெரிதாக விலகாமல் 12, 13 என்று நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் ஒவ்வொரு திருகாணியும் நமக்கு இரண்டு மடங்கு விலையாகிவிட்டது. வண்டி அதேதான், தரமும் அதேதான். விலைச் சீட்டு மட்டும் மாறிப்போனது.

இது காகிதத்தில் எப்படித் தெரிந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் வண்டிகளின் லாக் புக்கும் ரிப்பேர் கோப்பும் என் மேஜைக்கு வரும். வெளிநாட்டுக் கூட்டில் வந்த ஒரு வண்டி (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்) ஒரே ஒரு பாகத்துக்காக ஏழு வாரம் ஷெட்டில் நின்றது. லிட்டருக்கு அதிக கிலோமீட்டர் கொடுத்த வண்டியும் அதுதான். டிரைவர்கள் ஆசைப்பட்டு ஓட்டியதும் அதைத்தான். ஆனால் லாக் புக்கில் அந்த ஏழு வாரமும் வெறும் கோடு. பாகத்தின் விலையைப் பார்த்த மேலதிகாரி, கோப்பில் 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் நின்ற பழைய வண்டி வாரம் ஒருமுறை ஏதாவது வியாதி சொல்லும். மாலைக்குள் லேத் பட்டறைக்குப் போய் மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடும்.

அரசாங்க வண்டி நின்றால் சம்பளம் நிற்பதில்லை. சொந்த வண்டிக்காரருக்கு அப்படியா? நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, தானே டிரைவராகவும் இருந்தவர்கள் எத்தனை பேர்! மாதத் தவணை தேதி தவறாமல் வரும். பத்து நாள் வண்டி நின்றால் அந்த மாதத் தவணை போச்சு. இரண்டு மாதம் போனால் கடன் கொடுத்தவர் வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் அவர்கள் கேட்ட கேள்வி 'எது நல்ல வண்டி?' என்பதல்ல. 'ராத்திரி மரக்காணத்தில் நின்றுபோனால், விடிவதற்குள் யார் சரிசெய்வார்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு 407-தான் பதில் வைத்திருந்தது.

முடிவு நீங்கள் அறிந்ததே. ஆல்வின் நிசான் சில ஆண்டுகளிலேயே மகிந்திரா கைக்குப் போனது. டி.சி.எம். டொயோட்டாவில் 1990-களின் நடுவில் கொரியாவின் டேவூ நுழைந்து, சூரஜ்பூரில் 1995-இல் சியலோ காரைச் செய்தது; பிறகு அதுவும் மூடப்பட்டது. ஸ்வராஜ் மாஸ்டா பள்ளிப் பேருந்துகளில் தனக்கென ஓர் இடம் பிடித்து நிலைத்தது. 2011-இல் பெயரை எஸ்.எம்.எல். இசுசு என்று மாற்றிக்கொண்டது. நான்கில் வளர்ந்து காட்டியது ஐஷர் ஒன்றுதான். மற்றவர்களைப் போலவே யென் அடி வாங்கியும், பாகங்களை விடாமல் உள்நாட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2008-இல் சுவீடனின் வோல்வோ அவர்களோடு கூட்டுச் சேரும் அளவுக்கு உயர்ந்தார்கள்.

தோற்றவர்கள் நமக்கு ஒன்றும் தராமல் போகவில்லை. டிரைவருக்கும் முதுகு உண்டு, காது உண்டு என்பதை நம் லாரிக் கம்பெனிகளுக்கு நினைவூட்டியவர்கள் அவர்கள்தான். பின்னால் வந்த சின்ன லாரிகளின் கேபினில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

என்னைக் கேட்டால், அந்த ஐந்து வண்டியில் மோசமான வண்டி என்று எதுவும் இல்லை. ஆனால் நம்பகம் என்பது இஞ்சினுக்குள் மட்டும் இருக்கும் குணமல்ல. பாதி அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, கையில் கிரீஸ் பூசிய ஒரு மெக்கானிக்கிடமும், தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் அலமாரியிலும் இருக்கிறது. வண்டி விளம்பரத்தில் முதல் பாதியைத்தான் அச்சடிப்பார்கள். இரண்டாவதை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று பேரப்பிள்ளைகள் மின்சார வண்டி வாங்கலாமா என்று கேட்கும்போதும் நான் இதையே சொல்கிறேன்.

இந்த ஐந்தில் எதையாவது சொந்தமாக வைத்திருந்தவர்களோ ஓட்டியவர்களோ நண்பர்களில் இருந்தால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். லாக் புக் பார்த்தவனைவிட ஸ்டீயரிங் பிடித்தவருக்குத் தெரிந்தது அதிகம்.