சிங்கப்பூர் இரவுப் பந்தயம்: கடற்பாலம் தாண்டிப் போவோருக்கு

2017 அக்டோபர் 1ஆம் தேதி செப்பாங்கில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதலாவதாக வந்தார். மலேசிய மண்ணில் ஃபார்முலா 1 கார் பந்தயம் நடந்தது அன்றுதான் கடைசி. 1999இல் தொடங்கி 19 முறை நடந்த பந்தயம் அது. நுழைவுச்சீட்டு விற்பனை சரிந்தது, செலவு ஏறியது. போதும் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கட்டப்பட்ட செப்பாங் தடத்திற்குச் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் இளையர்கள் மோட்டார் சைக்கிளில் போய், மேட்டுப் புல்வெளியில் அமர்ந்து பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய காலம் அத்தோடு முடிந்தது.

இப்போது அதே கார்களை நேரில் பார்க்க ஆசைப்படுவோருக்கு மிக அருகில் இருப்பது சிங்கப்பூர்தான். பக்கத்து ஊர் என்று நினைத்துப் புறப்படுவோர் பலர். ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். கடப்பிதழும் சிங்கப்பூர் வெள்ளியும் வேண்டும். நள்ளிரவில் எப்படித் திரும்புவது என்பதை முன்கூட்டியே யோசித்திருக்கவும் வேண்டும். சீட்டு வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் திரும்பி வருவதில் காட்டுவதில்லை. இரவு முழுதும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்க நேர்வது அதனால்தான்.

சிங்கப்பூருக்குக் கார் பந்தயம் புதிதல்ல. 1961இல் அப்பர் தாம்சன் சாலையில், காட்டையொட்டிய வளைவுகளில் பந்தயம் தொடங்கியது. 1962 முதல் 1965 வரை அதன் பெயரே ‘மலேசிய கிராண்ட் பிரி’. சிங்கப்பூர் பிரிந்தபின் 1966இலிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரி ஆனது. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். 1973ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குப் பிறகு அது நிறுத்தப்பட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பர் 28 அன்று மரினா பே சாலைகளில் பந்தயம் மீண்டும் வந்தது. ஃபார்முலா 1 வரலாற்றில் இரவில் நடந்த முதல் பந்தயம் அதுவே. ஐரோப்பாவில் பகல் நேரத்தில் தொலைக்காட்சியில் காட்ட வசதியாக இருக்கும் என்பதுதான் இரவைத் தேர்ந்தெடுத்த காரணம். அந்த முதல் பந்தயத்தில் ஃபெர்னாண்டோ அலோன்சோ வென்றார். அவருடைய அணியின் இன்னொரு ஓட்டுநர் அவருக்கு உதவ வேண்டுமென்றே சுவரில் மோதினார் என்பது அடுத்த ஆண்டு வெளிவந்து பெரும் சர்ச்சையானது. கோவிட் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் தவிர இன்றுவரை பந்தயம் தொடர்ந்து நடக்கிறது. ஒப்பந்தம் 2028 வரை உள்ளது.

தடத்தின் பெரும்பகுதி மக்கள் அன்றாடம் கார் ஓட்டும் சாலைகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை, ஆண்டர்சன் பாலம், ராஃபிள்ஸ் புலவார்டு ஆகியவற்றை வேலியடைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கட்டி, பகல் போல ஆக்கிவிடுகிறார்கள். கடிகாரச் சுற்றுக்கு எதிர்த் திசையில் கார்கள் ஓடும். 2023இல் நான்கு வளைவுகளை நீக்கி, அங்கே சுமார் 400 மீட்டர் நேர்பாதை அமைத்தனர். இப்போது ஒரு சுற்று 4.93 கிலோமீட்டர், 19 வளைவுகள், மொத்தம் 62 சுற்றுகள். தடத்தின் இரு பக்கமும் சுவர் என்பதால் சிறு தவறுக்கும் மன்னிப்பு இல்லை. 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் குறைந்தது ஒரு முறையாவது பாதுகாப்பு கார் வெளிவந்தது. 2024இல் லாண்டோ நோரிஸ் வென்றபோதுதான் அது வராமலே பந்தயம் முடிந்தது. 2016இல் உடும்பு ஒன்று தடத்தைக் கடந்ததையும், அதைக் கண்ட வெர்ஸ்டாப்பன் வானொலியில் ‘ராட்சதப் பல்லி’ என்று சொன்னதையும் ரசிகர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எந்தச் சீட்டு?

பந்தய வளாகம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கார்கள் டயர் மாற்றும் பிட் பகுதியும் சிங்கப்பூர் ராட்டினமும் முதல் மண்டலத்தில் உள்ளன. பாடாங் திடலும் பெரிய இசை மேடையும் நான்காவது மண்டலத்தில். நான்காம் மண்டலச் சீட்டு வைத்திருப்பவர் முதல் மண்டலத்திற்குள் போக முடியாது. இது தெரியாமல் தவறான வாசலில் வரிசை பிடித்து ஒரு மணி நேரத்தைத் தொலைப்போர் ஆண்டுதோறும் உண்டு. பாடாங் பக்கம் போவோருக்கு சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையம் வசதி; பிட் பக்கம் போவோருக்கு புரோமனேட் அல்லது நிக்கல் ஹைவே.

சீட்டில் இரண்டு வகை. ஒன்று நடமாடும் சீட்டு. இருக்கை கிடையாது, வேலியோரம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நின்று பார்க்க வேண்டும். மற்றது பார்வையாளர் மேடையில் எண்ணிட்ட இருக்கை. பிட் எதிரே மூன்று நாள் இருக்கை ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய காலத்தில், அது சாதாரணச் சம்பளக்காரர் ஒருவரின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும். முதல்முறை போகிறவருக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள் நடமாடும் சீட்டே போதும். விலை குறைவு, கூட்டம் குறைவு. அதே கார்கள், அதே ஓட்டுநர்கள். பயிற்சி ஓட்டம் மாலையிலும் இரவிலும் நடக்கும். காரின் வேகத்தை உடம்பால் உணர அதைவிட மலிவான வழி இல்லை. யார் யாரை முந்தினார் என்று தெளிவாகப் பார்ப்பதுதான் நோக்கமென்றால், உண்மையைச் சொன்னால், வீட்டுத் தொலைக்காட்சியே மேல். வேலியோரம் நிற்பவருக்கு ஒரு வளைவு மட்டுமே தெரியும்; மீதியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும்.

பல வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களின் கூட்டுத் தொகை 2022லும் 2025லும் மூன்று நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் கடைசி நேரத்தில் ‘கைவசம் சீட்டு இருக்கிறது’ என்று சமூக ஊடகத்தில் வரும் அறிவிப்புகளுக்குப் பணம் அனுப்பினால் ஏமாறும் வாய்ப்பே அதிகம். அதிகாரபூர்வத் தளத்தில் வாங்குவதே நல்லது. நான்கைந்து மாதங்களுக்கு முன்பே வாங்கினால் விலையும் குறையும்.

2026 பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை என்று அறிவிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் முதல் முறையாக ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறும்பந்தயமும் அந்த வாரத்தில் உண்டு. அதனால் வழக்கமான வெள்ளி, சனி நேரங்கள் மாறும்.

கடற்பாலத்தில்

மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் அல்ல.

கைப்பையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சிகரெட்டை வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம். சாதாரண சிகரெட்டுக்கும் வரிச்சலுகை கிடையாது. திறந்த பாக்கெட்டாக இருந்தாலும் சுங்கத்தில் தெரிவித்து வரி கட்ட வேண்டும். சட்டைப் பையில் மறந்துபோன ஒரு பாக்கெட்டால் பந்தயச் சீட்டைவிட அதிகமாக அபராதம் கட்ட நேரலாம்.

சொந்தக் காரில் போகிறவர்கள் வாகன நுழைவு அனுமதியும் ஆட்டோபாஸ் அட்டையும் எடுத்திருக்க வேண்டும். இலவச நாள்கள் முடிந்துவிட்டால், வேலை நாளில் காருக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு 4 வெள்ளி. ஆனால் பந்தய வாரத்தில் மரினா பே சுற்றுவட்டாரச் சாலைகள் அடைபட்டிருக்கும். வண்டியை ஜோகூர் பாருவிலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போவது புத்திசாலித்தனம். லார்கினிலிருந்து புறப்படும் 170ஆம் எண் பஸ் உட்லண்ட்ஸ் வழியாகக் குவீன் ஸ்திரீட் முனையம் வரை போகிறது. அங்கிருந்து பந்தயத் தடம் நடக்கும் தூரம். எம்ஆர்டியில் வங்கி அட்டையைத் தட்டினாலே போதும்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பந்தயம் தொடங்கும். முடிவதற்குப் பத்து மணி ஆகிவிடும். பிறகு ரசிகர்களைத் தடத்திற்குள்ளேயே விடுவார்கள். டயர் தேய்ந்த சாலையில் நடந்து பார்க்கலாம். பாடாங்கில் இசை நிகழ்ச்சி அதற்குப் பிறகு. எல்லாம் முடித்துவிட்டு உட்லண்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். சோதனைச்சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும். அங்கே கொண்டுபோய் விடும் பஸ்கள்தான் அந்நேரம் அரிது. அன்றிரவே கடக்க வேண்டியவர்கள் இசை நிகழ்ச்சியைத் தியாகம் செய்ய வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஓர் இரவு தங்கிவிடுவதே சரி.

கூட்டமாகச் சேர்ந்து வேன் பிடிக்கும் வழக்கம் தோட்டப்புறங்களில் உண்டு. அதில் ஒரு கவனம் வேண்டும். எல்லை தாண்டிக் கூலிக்கு ஆள் ஏற்ற உரிமம் இல்லாத வண்டிகளைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் பிடித்துப் பறிமுதல் செய்கிறது. வண்டி போய்விட்டால், பயணிகள் திரும்ப வழியின்றி அங்கேயே நிற்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் உரிமத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேக்காவும் பாடாங்கும்

பந்தய வாரத்தில் மரினா பே ஹோட்டல்களின் விலையைக் கேட்காமல் இருப்பதே நிம்மதி. லிட்டில் இந்தியாவில் சிறு விடுதிகள் உண்டு, தேக்காவில் சாப்பாடு உண்டு. அங்கிருந்து டவுன்டவுன் தடத்தில் ரோச்சோர், பூகிஸ் தாண்டினால் மூன்றாவது நிலையம் புரோமனேட். தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டுகளில் சிராங்கூன் சாலை விளக்குத் தோரணங்களையும் அப்படியே பார்த்துவிடலாம். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பெயர்போன ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் வேறு பந்தயம்: 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் அங்குதான் இருந்தது. ஒரு விதியை மறக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை.

இரவானாலும் புழுக்கம் குறையாது. 2025இல் ஜார்ஜ் ரஸ்ஸல் வென்ற பந்தயத்திற்கு முன் ‘வெப்ப அபாயம்’ என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. ஃபார்முலா 1இல் அப்படி அறிவித்தது அதுவே முதல் முறை. ஒரு பந்தயத்தில் ஓட்டுநரின் உடல் எடை மூன்று கிலோ வரை குறையக்கூடும். பார்க்கப் போகிறவரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை அங்கி, நடக்க வசதியான காலணி, காது அடைப்பான் மூன்றும் அவசியம். பிள்ளைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசம் வாங்கிக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தமிழ் ரசிகர்களுக்கு இந்தப் பந்தயத்தில் ஒரு சொந்த நினைவும் உண்டு. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர். 2005இல் செப்பாங்கில் பதினொன்றாவதாக வந்தார். 2012இல் சிங்கப்பூரில் சுவரில் மோதி வெளியேறினார். பாதுகாப்பு கார் வர வேண்டியதாயிற்று. சென்னையின் கருண் சந்தோக் 2010இல் செப்பாங்கில் பதினைந்தாவது இடம். அவர்களுக்குப் பின் தமிழர் ஒருவர் அந்தக் கார்களில் பந்தயம் ஓட்டியதில்லை.

இசை மேடை போடும் பாடாங்கில்தான் 1943 ஜூலை 5 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். திடலை அடுத்த எஸ்பிளனேட் பூங்காவில் அவர்களுக்கான நினைவுக் கல் 1995 முதல் இருக்கிறது. பந்தய வேலிகள் எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் சுற்றிப் பார்ப்பது சிரமம். தாத்தாவோ பாட்டியோ அந்தப் படையில் இருந்த குடும்பத்தார் ஒரு நாள் முன்பே போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை இரு நாடுகளிலும் வேலை நாள். ஞாயிறு இரவு தங்கிவிட்டவர்கள் காலையில் புறப்பட்டாலும் நெரிசலுக்கு அஞ்ச வேண்டாம். விடியற்காலையில் கடற்பாலத்தில் நிற்கும் நீண்ட வரிசை ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுடையது. எதிர்ப்பக்கம் பஸ் தடையின்றிப் போகும்.